எள்ளலும் அரங்கும்: மட்டக்களப்பு வாவிக்கரையின் அங்கத நகைச்சுவை நாடகம்

ஈழத்துத் தமிழ் நாடகம் பற்றிய ஆய்வுகளில் நகைச்சுவை நாடகத்துக்குக் கிடைத்துள்ள இடம் மிகச் சிறியது. வடமோடி, தென்மோடிக் கூத்துகளின் ஆட்டமுறை பற்றியும், வரலாற்று நாடகங்கள் பற்றியும், எழுபதுகளிலிருந்து வளர்ந்த நவீன நாடகம் பற்றியும் கட்டுரைகளும் நூல்களும் வந்துள்ளன. ஆயின் பாடசாலைக் கலைமகள் விழாவிலும், வாசிகசாலை ஆண்டு நிறைவிலும், கோயில் திருவிழா இரவிலும் அரைமணி நேரம் மேடையேறி, சனங்களைச் சிரிக்க வைத்து, மறுநாளே மறக்கப்பட்டுவிடும் குறுநாடகங்களைப் பற்றி எழுதுவோர் அரியர். அவற்றுட் பெரும்பாலானவை அச்சேறுவதில்லை, பல எழுதப்படுவதுமில்லை. நான்கைந்து இளைஞர் கூடிக் கதையொன்றைப் பேசி முடித்து, இரண்டு வார ஒத்திகையின் பின் மேடையேற்றுவதே வழக்கம். ‘வெறும் பகிடி’ என்ற ஒரு சொல்லுடன் அவை ஆய்வாளரின் பார்வையிலிருந்து ஒதுக்கப்படுகின்றன.

இவ்வொதுக்கம் சரியானதுதானா என்பதே நம்முன் உள்ள வினா. ஒரு சமூகம் தன்னை ஆள்வோரைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதை அதன் புகழ்ப் பாடல்களிலிருந்து அறிதல் அரிது. எவற்றைக் கண்டு அது சிரிக்கிறது என்பதிலிருந்து ஓரளவு அறியலாம். மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வழங்கிவந்த எள்ளல் மரபினை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அங்கத நகைச்சுவைக் குறுநாடகத்தின் வேர்கள், அமைப்பு, சமூகப் பணி, குறைபாடு ஆகியவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அங்கதம் என்னும் கருத்து

நகைச்சுவையும் அங்கதமும் ஒன்றல்ல. வழுக்கி விழுபவனைக் கண்டு சிரிப்பது நகைச்சுவை. பிறர் வழுக்கி விழும்படி சேற்றைப் பரப்பிவைத்த அதிகாரி அதே சேற்றில் விழும்போது சிரிப்பது அங்கதம். முன்னதில் விபத்து மட்டுமே உண்டு. பின்னதில் ஒரு தீர்ப்பும் உண்டு.

தமிழ் இலக்கண மரபு இவ்வேறுபாட்டை அறியாததன்று. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகையினை எண்வகை மெய்ப்பாடுகளுள் முதலாவதாக வைத்து, அது பிறக்கும் நான்கு நிலைக்களங்களுள் எள்ளலை முதலிற் கூறுகின்றது. செய்யுளியலோ அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இருவகைப்படுத்துகின்றது. வெளிப்படையாக வசைகூறுவது முன்னையது. வசையை மறைத்துக் கூறுவது பின்னையது. செய்யுளுக்கென வகுக்கப்பட்ட இப்பாகுபாடு கிராமிய மேடைக்கும் மிகவும் பொருந்துவதாகும்.

நகரத்து அரங்கில் நடிப்பவரும் பார்ப்பவரும் ஒருவருக்கொருவர் அந்நியர். 1968ஆம் ஆண்டு சென்னையில் மேடையேறிய சோ ராமசாமியின் ‘முகமது பின் துக்ளக்’ ஆட்சியாளரை ஏறத்தாழ வெளிப்படையாகவே எள்ளியது. அவ்வெள்ளலுக்குப் பின்னே பெருநகரமும், சபாக்களும், பத்திரிகையுலகும் அரணாக இருந்தன. கிராமத்து அமெச்சூர் நடிகருக்கு அத்தகைய அரண் எதுவுமில்லை. எள்ளப்படும் போடியார் முன்வரிசைக் கதிரையில் அமர்ந்திருப்பார். மேடைக்குப் பலகை கொடுத்தவரும் அவராகவே இருத்தல் கூடும். மறுநாட் காலையில் நடிகர் அவருடைய வயலுக்கே வேலைக்குப் போகவேண்டும். ஆகவே பழிகரப்பு இங்கு ஓர் அணியழகன்று, வாழ்க்கைத் தேவை. கிராமிய அங்கத நாடகத்தின் உத்திகள் பலவும் இத்தேவையிலிருந்தே பிறந்தன எனலாம்.

கூத்துக் களரியிற் சிரிப்பு

மட்டக்களப்பு வாவி தெற்கு வடக்காக ஐம்பது கிலோமீற்றருக்கும் அதிகமான நீளமுடையது. கடலோரமாகிய கிழக்குக் கரை எழுவான்கரை என்றும், வயலும் குளமும் சூழ்ந்த மேற்குக் கரை படுவான்கரை என்றும் வழங்கும். மண்முனைத் துறையில் 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும்வரை இவ்விரு கரைக்குமிடையே அவ்விடத்துப் போக்குவரத்துத் தோணியையும் பாதையையுமே நம்பியிருந்தது. இத்தகைய ஒதுக்கம் படுவான்கரையிற் கூத்துமரபு உயிர்ப்புடன் நிலைத்தமைக்கு ஒரு காரணமாகும்.

அண்ணாவியாரின் கீழ்ச் சட்டங் கொடுத்தல் தொடங்கி, சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் என வளர்ந்து, அரங்கேற்றத்திலும் வீட்டுக்கு வீடு ஆடுதலிலும் நிறைவெய்தும் இக்கூத்து பல மாத கால முயற்சியாகும். அரங்கேற்ற இரவில் வட்டக்களரியில் அரசர் வருமுன் வருபவன் கட்டியகாரன். அரசனின் பெருமையைக் கூறி வரவை அறிவிப்பது அவன் கடமை. ஆயின் தூதன், காவலன், ஏவலன் எனப் பல பணிகளையும் ஏற்று அரசனுக்கும் சபையோருக்கும் இடையே நிற்கும் அவனுக்கு வேறெவருக்குமில்லாத ஒரு சுதந்திரம் உண்டு. ஏனையோர் ஏட்டிலுள்ள பாடலையும் வசனத்தையும் பிறழாது கூற, அவன் மட்டும் அவ்வேளையில் தோன்றியதைக் கட்டிப் பேசலாம். புராண காலத்து அரசனின் சபையில் நின்றவாறே அவ்வாண்டின் வெள்ளாமை பற்றியும், விதானையாரின் நடத்தை பற்றியும், எண்ணெய் விலை பற்றியும் அவன் ஒரு சொல் விட்டுப்போகலாம். காலவழு என்று இலக்கணகாரர் கண்டிக்கக்கூடிய இதுவே அங்கதத்தின் முதல் வாயிலாகும்.

மகிடிக் கூத்தில் இவ்வாயில் மேலும் அகலத் திறக்கின்றது. கும்பத்தை நடுவாக வைத்து இரு சாரார் மந்திரப் போட்டியிடுவதே இதன் அடிப்படை. ஒருவர் மந்திரத்தால் மற்றவர் விழுவதும் எழுவதும், எழுந்தவர் மீண்டும் தருக்குவதுமாக இது செல்லும். உரையாடலிற் பெரும்பகுதி எழுதப்பட்டதன்று. மட்டக்களப்பாரின் மந்திர வல்லமை பற்றிப் பிற பகுதியினர் கூறும் கதைகள் பல. ‘பாயோடு ஒட்டவைத்து விடுவார்கள்’ என்ற பேச்சு யாழ்ப்பாணத்திற் பெருவழக்கு. பிறர் அச்சத்துடனும் இளக்காரத்துடனும் கூறிய இம்மந்திரத்தையே மட்டக்களப்பு மக்கள் பட்டப்பகலில் நடுச்சந்தியில் வைத்து விளையாட்டாக்கியுள்ளனர் என்பது ஊன்றி நோக்கத்தக்கது. தன்னைப் பற்றிய கட்டுக்கதையைத் தானே நடித்துச் சிரிக்கும் சமூகம் அக்கதைக்கு அடிமையாவதில்லை.

இவ்வாறு அதிகாரத்தை நடித்துக்காட்டி எள்ளுவது தமிழருக்கு மட்டும் உரியதன்று. தென்னிலங்கைச் சிங்கள மக்களின் கோலம் நாடகத்தில் ஆரச்சி, முதலியார் போன்ற அதிகாரிகள் முகமூடியணிந்து வந்து நகைப்புக்குள்ளாகின்றனர். மலைநாட்டுச் சொக்கரியில் வைத்தியரும் குருவும் அந்நிலையையே அடைகின்றனர். இத்தாலியில் தாரியோ ஃபோ நாட்டார் கோமாளி மரபினைக் கொண்டே அதிகார வர்க்கத்தை எள்ளும் நவீன நாடகங்களைப் படைத்து, 1997ஆம் ஆண்டு இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றார். கோமாளியின் சொல் இலக்கியம் ஆகுமா என்ற வினாவுக்கு உலகம் அளித்த ஒரு விடையாக இதனைக் கொள்ளலாம்.

பல்கலைக்கழக அரங்கும் பேச்சுத் தமிழும்

நவீன மேடையில் அங்கத நகைச்சுவை நாடகத்துக்கு ஈழத்தில் இலக்கிய மதிப்பைத் தேடித்தந்தவர் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை ஆவர். தமிழ்நாட்டிற் பம்மல் சம்பந்த முதலியாரின் ‘சபாபதி’ போன்ற பிரகசனங்களும், ஈழத்தில் அவர் வழிநின்ற கலையரசு க. சொர்ணலிங்கத்தின் முயற்சிகளும் அமெச்சூர் நாடகத்துக்குக் கட்டுக்கோப்பினை அளித்தன. ஆயின் மேடையிற் பேசும் மொழி பெரும்பாலும் செயற்கையாகவே இருந்தது. கணபதிப்பிள்ளை 1940இல் வெளியிட்ட ‘நானாடகம்’ என்ற தொகுதியில் யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழை நாடகமொழியாகக் கையாண்டார். ‘உடையார் மிடுக்கு’ என்ற அதன் நாடகமொன்றின் தலைப்பே அங்கதத்தின் இலக்கைச் சுட்டுகின்றது. 1952இல் வெளிவந்த ‘இருநாடக’த்தில் இடம்பெற்ற ‘பொருளோ பொருள்’ என்பதும் இவ்வகையினதே. இந்நாடகங்கள் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்க மேடையை மனங்கொண்டு எழுந்தவை என்பது நம் போன்றோர் நினைவிற் கொள்ளவேண்டிய செய்தி.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தினைப் பேராதனைக்குக் கொண்டுவந்தமை அடுத்த கட்டம். வந்தாறுமூலை அண்ணாவியார் செல்லையாவின் துணையுடன் 1962இல் ‘கர்ணன் போர்’ மேடையேறியது. 1963இல் ‘நொண்டி நாடகம்’, 1964இல் ‘இராவணேசன்’, 1968இல் ‘வாலிவதை’ என்பன தொடர்ந்தன. விடிய விடிய ஆடப்பட்ட கூத்து ஒன்றரை மணி நேர அளவுக்குச் சுருங்கி, படச்சட்ட மேடைக்கு ஏற்பச் செப்பமுற்றது. கற்றோர் மத்தியிற் கூத்துக்குப் பெருமதிப்பு ஏற்பட்டது. இம்முயற்சியின் வரலாற்று முக்கியத்துவம் ஐயத்துக்கிடமற்றது.

எனினும் ஒன்றை ஈண்டு எண்ணிப் பார்த்தல் வேண்டும். நீண்ட கூத்தொன்றைச் சுருக்கும்போது ஏட்டிலுள்ள பாடலும் ஆட்டமும் பேணத்தக்கவையாகத் தோன்றும். ஏட்டில் இல்லாத கட்டியகாரனின் பேச்சு எளிதில் விடுபட்டுப்போகும். கூத்தின் வீரமும் சோகமும் பல்கலைக்கழகத்துள் நுழைந்த அளவுக்கு அதன் சிரிப்பு நுழைந்ததா என்பது ஆராயப்படவேண்டியது. நொண்டி நாடகம் போன்ற ஒரு படைப்பு, கள்வனொருவன் தன் கதையைத் தானே கூறும் மரபின் வழிவந்தது. அது அவ்வரிசையில் இடம்பெற்றமை இவ்வகையில் ஓர் ஆறுதலாகும்.

அமைப்பு முறை

அமெச்சூர் மேடைக்குரிய அங்கதக் குறுநாடகம் எவ்வாறு இயங்குகின்றது? அதன் வரையறைகளே அதன் வடிவத்தைத் தீர்மானிக்கின்றன. காட்சிமாற்றத்துக்கு வசதியில்லை, எனவே ஒரே களம். நடிகர் ஐவர் அல்லது அறுவர். எனவே ஒவ்வொருவரும் ஒரு சமூக வகையின் பிரதிநிதி. ஒலிபெருக்கி நம்பத்தகாதது, எனவே சொல்லிலும் உடலசைவிலும் நகைச்சுவை இரட்டித்து வரவேண்டும். பார்ப்போர் சிறுவர் முதல் முதியோர் வரை. எனவே கதை உடனே விளங்கவேண்டும்.

விளக்கத்தின் பொருட்டு நாமே ஒரு கதையை அமைத்துப் பார்ப்போம். காலம் 1970களின் முற்பகுதி. இறக்குமதிக் கட்டுப்பாடும் உணவுத் தட்டுப்பாடும் நிலவி, அரிசியை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்வதற்குத் தடை விதிக்கப்பட்டிருந்த காலம். படுவான்கரைத் துறையொன்றில் அந்நியன் ஒருவன் வந்திறங்குகிறான். அரிசிப் பதுக்கலைச் சோதிக்க அதிகாரி வருவதாகக் கேள்விப்பட்டிருக்கும் போடியாரும் சங்கக்கடை மனேச்சரும் கலங்கி நிற்கின்றனர்.

போடியார்: ஆள் எப்பிடி வந்த?
முல்லைக்காரன்: தோணியிலதான் போடியார். தோணிக்காரனுக்குக் காசு குடுக்கல்ல.
போடியார்: காசு குடுக்கல்லயா? மறுகா என்ன, பெரிய உத்தியோகத்தர்தான்!

இம்மூன்று வரியில் அங்கதத்தின் பொறிமுறை முழுவதும் அடங்கியுள்ளது. எந்த அதிகாரியையும் எவரும் திட்டவில்லை. போடியார் மரியாதையுடனேயே பேசுகின்றார். ஆயின் அவருடைய தருக்கத்திற் புதைந்துள்ள உண்மையைச் சபையே தோண்டி எடுக்கின்றது. பழி கரந்து நிற்க, நகை வெளிப்படுகின்றது. தீர்ப்பைக் கூறியவர் நாடகாசிரியர் அல்லர், பார்ப்போர் என்பதால் எவரையும் குற்றஞ்சாட்ட இயலாது.

கதையின் பின்பகுதி இதன் வழியே செல்லும். அந்நியனுக்கு உபசாரம் நடக்கும். உண்மையில் அவன் கூத்துக்கு உடுப்பு வாடகைக்கு விடுபவனின் ஆள். பழைய பாக்கியை வசூலிக்க வந்தவன். அவன் ‘கணக்குப் பார்க்க வேணும்’ என்று கூறும்போதெல்லாம் ஒவ்வொருவரும் தத்தம் களவை எண்ணி நடுங்குவர். ஈற்றில் உண்மையான அதிகாரி சைக்கிளில் வந்து சேர, எவரும் எழுந்து நிற்பதில்லை.

போலி அதிகாரி என்னும் இவ்வுத்தி புதியதன்று. ருஷ்ய எழுத்தாளர் கோகோல் 1836இல் மேடையேற்றிய ‘அரசாங்கப் பரிசோதகர்’ இதன் பேரிலக்கிய வடிவம். எனினும் எந்த ஊரில் எந்த அதிகாரத்துக்கு அஞ்சுகிறார்களோ, அவ்வூருக்கு அது புதிதாகவே அமைகின்றது. தலைமைக்காரர் பதவி 1963இல் ஒழிந்து கிராம சேவகர் வந்தபின்னும் ‘விதானையார்’ மேடையில் நீண்டகாலம் வாழ்ந்தமைக்குக் காரணமும் இதுவே. பதவியின் பெயர் மாறியது. கையெழுத்துக்காகக் காத்திருக்கும் வரிசை மாறவில்லை.

‘மறுகா’ போன்ற சொற்களின் பணியும் கவனிக்கத்தக்கது. வானொலி வழியே ஈழத்து நகைச்சுவை பரவியபோது இலங்கையர்கோனின் ‘விதானையார் வீட்டில்’ போன்றவை யாழ்ப்பாணப் பேச்சுவழக்கை நாடெங்கும் பழக்கின. பின்னர் ‘கோமாளிகள்’ தொடர் பல்வேறு சமூகத்தவரின் தமிழை எதிரெதிரே நிறுத்திச் சிரிப்பூட்டியது. 1976இல் அது திரைப்படமாகவும் வெளிவந்தது. வானொலியில் ஒரு வழக்கு மற்றொரு வழக்குக்கு வேடிக்கையாகத் தோன்றும். கிராம மேடையிலோ எல்லோரும் ஒரே வழக்கினர். ஆகவே மொழி வேடிக்கைப் பொருளாகாது உறவின் மொழியாகின்றது. அங்கு வேடிக்கையாவது, நான்கு ஆங்கிலச் சொல் கலந்து பேச முயலும் உத்தியோகத்தரே.

சிரிப்பின் திசை

இதுவரை கூறியவற்றால் அங்கத மரபு முழுவதும் முற்போக்கானது என்று எவரும் கருதிவிடக் கூடாது. சிரிப்பு மேல்நோக்கியும் பாயும், கீழ்நோக்கியும் பாயும். அரசாணையைப் பறையறைந்து அறிவிப்பவன் பல கூத்துகளிற் குடிகாரனாகவும் அறிவிலியாகவும் காட்டப்படுகின்றான். அரசனைச் சற்றே கிண்டல் செய்த அதே களரி, அடக்கப்பட்ட சமூகத்தவனை முழுமையாகவே இழிவுபடுத்தியது. ஆண்களே பெண்வேடம் பூண்ட மேடையிற் பெண்ணின் உடலும் பேச்சும் மலிவான சிரிப்புக்குப் பயன்பட்டன. உடற்குறை உடையோரும் மொழி பிறழப் பேசுவோரும் இன்றுவரை பாடசாலை மேடைகளில் அவ்வாறே பயன்படுத்தப்படுகின்றனர்.

இத்திசையை மாற்ற முயன்றோர் உளர். மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டத்தை அடுத்து, என். கே. ரகுநாதனின் ‘கந்தன் கருணை’ 1969இல் அம்பலத்தாடிகளால் கூத்துவடிவில் மேடையேற்றப்பட்டது. கோயிற் கதவைச் சாத்தியோரை நோக்கிச் சிரிப்பைத் திருப்பியதே அதன் சாதனை. மட்டக்களப்பில் 2000களின் தொடக்கத்திற் சீலாமுனையில் சி. ஜெயசங்கர் முன்னின்று நடத்திய கூத்து மீளுருவாக்கம், பிரதிகளிலுள்ள சாதி, பால்நிலை இழிவுகளை ஊர்க் கூத்தரோடு கலந்துரையாடி மாற்ற முற்பட்டது. வெளியிலிருந்து வந்து தணிக்கை செய்வதற்கும், ஆடுவோர் தாமே ‘இதற்கு நாம் ஏன் சிரிக்கிறோம்?’ என்று கேட்பதற்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு.

எனவே ஓர் அங்கத நாடகத்தை மதிப்பிட எளிய அளவுகோல் ஒன்றுண்டு. மேடையில் எள்ளப்படுபவன் மறுநாள் சிரித்தவருக்குத் தீங்கு செய்ய வல்லவனா, அன்றிச் சிரித்தவரால் தீங்குறக் கூடியவனா? முன்னதாயின் அச்சிரிப்பிற் துணிவுண்டு. பின்னதாயின் அது வலியோரின் பொழுதுபோக்கே.

தடைகளும் தேவையும்

அங்கத மேடை என்றும் சுதந்திரமாக இருந்ததில்லை. குடியேற்ற ஆட்சியின்போது 1912இல் இயற்றப்பட்ட பொதுக்காட்சிக் கட்டளைச் சட்டம் நாடகப் பிரதிகளை அதிகாரிகளின் பார்வைக்கு உட்படுத்தியது. சுதந்திரத்தின் பின்னும் அது நீடித்தது. அச்சேறாத, அவ்வேளையிற் கட்டிப் பேசப்படும் நகைச்சுவை இதிலிருந்து ஓரளவு தப்பியது. எழுதப்படாமை அதன் பலவீனம் மட்டுமன்று, பாதுகாப்பும் ஆயிற்று. ஆயின் 1983 முதல் 2009 வரை நீடித்த போர்க்காலத்தில் ஊரடங்கும் இடப்பெயர்வும் இரவுக் களரிகளை ஒடுக்கின. துப்பாக்கி ஏந்தியோர் முன் பழிகரப்பும் போதிய மறைப்பாகாது. சிரிக்கத் தெரிந்தவர் பலர் வாய்மூடியிருந்த காலம் அது.

இன்று கூத்தைப் பயிலவும் ஆராயவும் மட்டக்களப்பில் நிறுவனங்கள் உள்ளன. 1981இல் வந்தாறுமூலையிற் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனமும், கல்லடியிலுள்ள சுவாமி விபுலானந்தர் அழகியற் கற்கைகள் நிறுவகமும் அவற்றுள் முதன்மையானவை. வீ. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ (1964), சி. மௌனகுருவின் ‘மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்’ (1998) ஆகிய நூல்கள் அடித்தளம் அமைத்துள்ளன. இவ்வடித்தளத்தின் மீது நகைச்சுவை மரபு பற்றிய ஆய்வு தனித்து எழுதல் வேண்டும்.

அதற்கு நூலகம் மட்டும் போதாது. கட்டியகாரனாக ஆடிய முதியவர்கள் இன்னும் வாவியின் இரு கரைகளிலும் உள்ளனர். அவர்கள் எந்த ஆண்டில், எந்த ஊரில், யாரை முன்வைத்து, என்ன சொன்னார்கள், சனங்கள் எவ்விடத்திற் சிரித்தார்கள், யார் எழுந்து போனார்கள் என்பன கேட்டுப் பதியப்படவேண்டும். எழுந்து போனவரின் பெயர் பல வேளைகளிற் சிரிப்பைவிட அதிகம் கூறும். நாடகப் பிரதி வெளியீட்டுக்கு நிதி ஒதுக்கும் தமிழ்ச் சங்கங்கள் அரைமணி நேரக் குறுநாடகங்களுக்கும் சில பக்கங்களை ஒதுக்கலாம்.

அரசன் வருமுன் வந்து, அவன் புகழைக் கூறுவதுபோலக் கூறி, சபையைப் பார்த்து ஒரு கணம் கண்சிமிட்டிவிட்டுப் போன கட்டியகாரனின் சொற்கள் எந்த ஏட்டிலும் இல்லை. அவற்றை அறிந்தோர் மறையுமுன் எழுதிவைப்பது நமது தலைமுறையின் கடன்.